நிற்காமல் போன தலையாரி

கரைப்பாளையத்தில் தலையாரி கந்தப்பனுக்கு யாரும் மோர் கொடுப்பதில்லை. கருப்பட்டிக் காப்பி கொடுத்தால் குடிப்பான். பழைய சோற்றுத் தண்ணீர் கொடுத்தால் இரண்டு சொம்பு குடிப்பான். மோர் என்றால் மட்டும் முகம் வேறு பக்கம் திரும்பிவிடும். நாலு வருஷமாக இப்படித்தான். காரணம் ஊருக்குப் பாதி தெரியும். மீதியை ஒருவரும் கேட்டதில்லை. அப்படிக் கேட்பது மரியாதையில்லை என்று நினைக்கிற ஊர் அது.

கேட்டவள் வெளியூர்க்காரி. பெயர் சென்னியம்மாள், சொந்த ஊர் பவானி. வட்டார வளர்ச்சி ஆபீஸில் கிராம சேவிகாவாகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. தாராபுரத்திலிருந்து எட்டு மைல் கிழக்கே, அமராவதிக் கரையில் இருந்த இந்த ஊருக்கு வாரம் இரண்டு நாள் வருவாள். பெண்களுக்குப் புகையில்லாத அடுப்பு போட்டுக் கொடுப்பது அவள் வேலை.

முதல் அடுப்பு போட ஆற்றோரத் தெருவுக்குத்தான் போனாள். பதினேழு வீடுகள். எல்லாம் மண்சுவர், ஓலைக் கூரை. தெருக் கோடியில் நின்றால் ஆற்று மணல் தெரியும். கந்தப்பனின் மகள் பாப்பாயி வீட்டில் அடுப்புக்கு இடம் பார்க்கும்போது சுவரில் ஒரு கறை கண்ணில் பட்டது. அவள் மார்பளவு உயரத்தில், நூல் பிடித்தது போல வீடு முழுக்கச் சுற்றி ஓடியது.

"இது என்னங்க கோடு?"

"அது நாலு வருசத்துக்கு முந்தி வந்த தண்ணிங்க, அம்மணி" என்றாள் பாப்பாயி. அவளுக்கு இருபது வயது. புருஷன் கோயமுத்தூரில் மில் வேலையில் இருந்தான், மாதம் ஒரு தரம் வருவான். "வெள்ளை அடிச்சாலும் மறுபடி மறுபடி தெரியுதுங்க."

"இத்தனை உசரத்துக்குத் தண்ணி வந்த ஊட்டுல நான் அடுப்பு கட்டி என்னங்க பண்றது?"

பாப்பாயி சிரித்தாள். சென்னியம்மாள் சிரிக்கவில்லை. பவானியில் இரண்டு ஆறு சேருகிறது. வெள்ளம் வந்தால் எந்தத் தெரு முதலில் முழுகும், எது கடைசியில் என்று அங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரியும். இங்கேயோ வருஷத்தில் பத்து மாதம் ஆறு வெறும் மணல். மணலைத் தோண்டி ஊற்று எடுத்துக் குடிக்கிறார்கள். மழை பெய்வது மேற்கே மலையில். ஊரில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆறு வந்துவிடும். வந்த தண்ணீர் நாலாம் நாள் போய்விடும், ஆறாம் நாள் எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள்.

அன்றிலிருந்து அடுப்பு வேலை பாதி, வெள்ள வேலை பாதி என்று ஆகிவிட்டது அவளுக்கு. வீடு வீடாகப் போய் யாரால் ஓட முடியும், யாரால் முடியாது என்று விசாரித்து ஒரு நோட்டில் எழுதினாள். முடியாதவர் ஒவ்வொருவரையும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் பொறுப்பில் விட்டாள்.

"ஏனுங்க அம்மணி, அவங்கவங்க ஊட்டு ஆளையே போடக்கூடாதுங்களா?" என்று கேட்டார்கள்.

"சொந்த ஊட்டு ஆளு கதவைப் பூட்டப் போவாங்க, ஆட்டை அவுக்கப் போவாங்க. பக்கத்து ஊட்டு ஆளு நேரா மனுசங்கிட்டத்தான் போவாங்க."

பாப்பாயி மாதமாக இருந்தாள். ஐப்பசியில் எட்டு நடக்கும். அவளை எதிர்வீட்டுக் குழந்தையம்மாள் பொறுப்பில் எழுதினாள் சென்னியம்மாள். குழந்தையம்மாளுக்கு ஐம்பது வயது. உரல் மாதிரி உடம்பு, உலக்கை மாதிரி வாய். பாப்பாயியின் ஆடு அவள் அவரைக் கொடியை மேய்ந்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் மூன்று மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை. தெருவே கூடி நின்று எழுதுவதைப் பார்த்தது. இந்த விஷயத்தை ஒருவர்கூட அம்மணியிடம் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து வந்த பெண்ணிடம் ஊர்ச் சண்டையைச் சொல்வது அழகா?

*

ஆவணிக் கடைசியில் ஒரு நாள் ஒத்திகை வைத்தாள்.

வெள்ளச் செய்தி தாராபுரம் தாலூகா ஆபீஸிலிருந்து சைக்கிளில் வரும். ஊர்ச் சாவடியில் இருக்கும் தலையாரியிடம் கொடுப்பார்கள். தலையாரி ஊருக்குச் சொல்ல வேண்டும். அதுதான் ஏற்பாடு. "நெசமா வந்த மாதிரியே செய்யுங்கண்ணா" என்று சொல்லிக் கந்தப்பனைச் சாவடியிலிருந்து அனுப்பிவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஆற்றோரத் தெருவில் போய் உட்கார்ந்தாள்.

அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. ஒரு மணியும் தாண்டியது. கந்தப்பன் வந்து சேர்ந்தபோது ஒரு மணி ஐம்பது நிமிஷம். வேர்வை கூட இல்லை. வயிற்றைத் தடவிக்கொண்டே வந்தான்.

"எங்கண்ணா போனீங்க?"

"எங்கீங்க போனேன்? சொல்லிட்டேதான் வாரேன். மொதல்ல மணியகாரர் ஊடு. அவிங்க குளிச்சிட்டு இருந்தாங்க, வர்ற மட்டும் நின்னேன். அப்புறம் மேலத் தெரு, நடுத் தெரு. வாசல்ல நின்னு சொல்லிப்போட்டு அப்படியே போயிர முடியுங்களா? வாங்கன்னாங்க. உக்காருங்கன்னாங்க. ஒரு ஊட்டுல காப்பி, ஒரு ஊட்டுல பானகம். வேண்டாம்னா மனசு சங்கடப்படுவாங்கல்லீங்க."

"எத்தனை ஊட்டுல குடிச்சீங்க?"

கந்தப்பன் விரலை மடக்கினான். "ஒரு பதினொண்ணு இருக்குமுங்க."

"வெள்ளத்துல பாதி உங்க வயித்துலதானுங்கண்ணா இருக்குது!"

தெரு கொல்லென்று சிரித்தது. குழந்தையம்மாள் சுளகைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு அடங்கிய பிறகு பார்த்தால், கந்தப்பன் முகம் செத்துக் கிடந்தது. அப்படியே ஆற்றுப் பக்கம் போய்விட்டான்.

சென்னியம்மாள் பின்னாலேயே போனாள். அவன் மணலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"தப்பாப் பேசிட்டேனுங்களாண்ணா?"

"இல்லீங்க அம்மணி. நீங்க சரியாத்தான் சொன்னீங்க."

"அப்புறம் ஏனுங்கண்ணா இங்க வந்து உக்காந்துட்டீங்க?" என்று கேட்டாள். கந்தப்பன் சொன்னான்.

நாலு வருஷத்துக்கு முன்னாலும் செய்தி வந்தது. தாராபுரத்து ஆள் சைக்கிளில் வந்து அவன் கையில்தான் கொடுத்தான். தண்ணீர் வந்து சேர அப்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. வழக்கப்படி முதலில் மணியகாரர் வீட்டுக்குப் போனான். அவர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "உச்சி வெயில்ல ஓடியாந்திருக்கறயே, உக்காரு கந்தப்பா" என்று மணியகாரர் சம்சாரம் ஒரு சொம்பு மோர் கொடுத்தாள். பெருங்காயம் போட்டது, குளுகுளுவென்று இருந்தது. முழுதும் குடித்தான். அவர் கை கழுவிவிட்டு வந்து காகிதத்தைப் படித்தார், போய்ச் சொல் என்றார். மேலத் தெரு சொல்லி, நடுத் தெரு சொல்லி, அவன் ஆற்றோரத் தெரு முனைக்கு வந்தபோது அங்கே தெரு இல்லை. செம்மண் நிறத்தில் தண்ணீர்தான் இருந்தது. அவன் பெண்டாட்டி நாச்சியம்மாள் மகளை மேட்டில் ஏற்றிவிட்டு, ஆட்டை அவிழ்க்கத் திரும்பி வீட்டுக்குள் போனவள். அப்புறம் கிடைக்கவில்லை.

"மோரு குடிச்ச நேரம் இருந்திருந்தாப் போதுமுங்க அம்மணி" என்றான். "அந்தச் சொம்பு நேரம்."

சென்னியம்மாள் அழுகிற ரகம் இல்லை. மணலில் குச்சியால் ஒரு கோடு கிழித்தாள்.

"இது சாவடி. இது மணியகாரர் ஊடு. இது மேலத் தெரு, இது நடுத் தெரு, இது ஆறு. தண்ணி எங்கிருந்துங்கண்ணா ஏறுது?"

"ஆத்துல இருந்துங்க."

"செய்தி எங்கிருந்து இறங்குது?"

கந்தப்பன் கோட்டையே பார்த்தான். பரம்பரை பரம்பரையாக அந்த ஊரில் நல்லதோ கெட்டதோ எந்தச் செய்தியும் பெரிய வீட்டில்தான் ஆரம்பிக்கும். பெரிய வீடு மேட்டில் இருக்கிறது. அங்கே எந்தக் காலத்திலும் தண்ணீர் வந்ததில்லை. வராத வீட்டுக்கு முதலில், வருகிற வீட்டுக்குக் கடைசியில். இத்தனை வருஷத்தில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

"மாத்திப் போடணுமுங்க" என்றான் மெதுவாக.

*

மணியகாரர் கோபாலசாமி நாயுடு கெட்ட மனிதர் இல்லை. ஐம்பத்தைந்து வயது. நூறு ஏக்கர் பூமி, பருத்தி அரைக்கிற ஜின்னிங் ஷெட் ஒன்று, ஊர் நிர்வாகம் எல்லாம் அவர் கையில். சென்னியம்மாளை வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். கந்தப்பன் கீழே வாசலில் நின்றான்.

"நல்ல காரியந்தானுங்க அம்மணி. நான் வேண்டாமுன்னு சொல்லலீங்க. ஆனா மேலே அணை கட்டிட்டு இருக்கறாங்க, பாதி வேலை முடிஞ்சு போச்சுன்னு பேசிக்கறாங்க. அணை முடிஞ்சா வெள்ளமே வராதுங்களே."

"அணை முடியற வரைக்கும் ஐப்பசி வராம இருக்குமுங்களா?"

நாயுடு சிரித்தார். "வாய் சாமர்த்தியமுங்க உங்களுக்கு. சரி, என்ன செய்யோணுமுன்னு சொல்லுங்க."

"ரெண்டு காரியமுங்க. ஆத்தோரத் தெரு சனம் வந்து தங்க, உங்க ஜின்னிங் ஷெட்டைத் திறந்து உடோணும். மேட்டுல கூரையோட இருக்கறது அது ஒண்ணுதானுங்க."

நாயுடு கொஞ்சம் நெளிந்தார். "அங்க பருத்திக்கொட்டை அடைச்சிருக்குதுங்க. சனம் அடுப்பு மூட்டினா நெருப்புப் புடிச்சுக்கும். கோயில் மேடு போதாதுங்களா?"

"கோயில் மேட்டுல கூரை இல்லீங்க."

அவர் நெளிந்தது பருத்திக்கொட்டைக்காக மட்டும் அல்ல என்பது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது. ஆற்றோரத் தெரு ஆட்கள் அந்த ஷெட்டில் மூட்டை தூக்குவார்கள். உள்ளே உட்கார்ந்ததில்லை.

"யோசிக்கலாமுங்க. அடுத்தது?"

"செய்தி வந்தா அண்ணா மொதல்ல ஆத்தோரத் தெருவுக்குப் போகட்டுமுங்க. அப்புறம் நடுத் தெரு, மேலத் தெரு. உங்க ஊட்டுக்குக் கடைசியா."

நாயுடு முகம் மாறியது. குரல் மட்டும் மாறவில்லை.

"அது நடக்காதுங்க அம்மணி. கடுதாசி என் பேருக்கு வருதுங்க. என் கையில கொடுக்காம தலையாரி ஊருக்குள்ள போனா, அப்புறம் நான் எதுக்குங்க மணியகாரன்னு உக்காந்திருக்கறேன்? நாளைக்கு மேலதிகாரி கேட்டா என்ன சொல்லுவேன்?" பிறகு வாசல் பக்கம் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னார்: "கந்தப்பனுக்கும் தெரியும். தலையாரி உத்தியோகத்தை யாரும் விளையாட்டாத் தொலைச்சுக்க மாட்டாங்க."

கந்தப்பன் தலையைக் குனிந்துகொண்டான். உத்தியோகம் போனால் அவன் பேரில் இருக்கிற ரெண்டு ஏக்கர் மானியக் காடும் போய்விடும். அதில் விளைகிற சோளத்தில்தான் அவனும் பாப்பாயியும் சாப்பிட்டார்கள்.

அவன் வெளியே வரும்போது மாட்டுக் கொட்டகைப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. நாயுடுவின் சம்சாரம் வரலட்சுமி. உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"கந்தப்பா, அன்னிக்கு உன்னை உட்காரச் சொன்னது நான்தானே?"

"பசியறிஞ்சு குடுத்தீங்க தாயி. உங்க மேல தப்பு இல்லீங்க."

"நாலு வருசமா என் கையால நீ மோர் வாங்கறதில்லே. நான் கவனிக்காம இருப்பேனா?" அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அவரை என்னால மாத்த முடியாது. ஆனா ஒண்ணு. இனிமே நீ கடுதாசியோட ஓடி வந்தா, நான் உன்னை உட்காரச் சொல்ல மாட்டேன்."

*

சென்னியம்மாள் இரண்டு வேலை செய்தாள். ஆற்றோரத் தெருவில் ஒவ்வொரு சுவரிலும் பழைய கறையின் மேல் சுண்ணாம்பால் பட்டையாகக் கோடு போட்டாள், மறந்துபோகாமல் இருக்க. மண்ணெண்ணெய்த் தகர டின் ஒன்றைக் கயிறு கட்டிக் கந்தப்பன் கழுத்தில் மாட்டி, இரண்டு கையிலும் இரண்டு கட்டையைக் கொடுத்தாள்.

"இது எதுக்குங்க அம்மணி?"

"ரெண்டு கையும் வேலையா இருந்தா, சொம்பை எதுலீங்கண்ணா வாங்குவீங்க?"

*

ஐப்பசி பதினெட்டு. காலை ஒன்பதரை மணி. சுள்ளென்று வெயில். வானத்தில் ஒரு பஞ்சுத் துண்டுகூட இல்லை. ஆற்றோரத் தெருவில் நிலக்கடலை காயப் போட்டிருந்தார்கள். சென்னியம்மாள் அன்று வேறு ஊரில் இருந்தாள்.

தாலூகா ஆபீஸ் பியூன் சைக்கிளைச் சாவடிச் சுவரில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கினான். "தாராபுரம் பாலத்துல தண்ணி தொடுதுங்க. நான் கிளம்பி ஒரு மணி நேரம் ஆச்சு. வழியில டயர் பஞ்சர்."

கந்தப்பன் கடுதாசியை வாங்கித் தலையில் கட்டியிருந்த உருமாலில் செருகினான். டின்னைக் கழுத்தில் மாட்டினான். இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம்.

சாவடியிலிருந்து ஆற்றுக்குப் போகிற பாதை மணியகாரர் வீட்டு வாசலை ஒட்டித்தான் போகிறது. வேறு வழி கிடையாது. நாயுடு வராந்தாவில் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். நாவிதர் வலது கன்னத்தை முடித்துவிட்டு, மீசையின் வலது பக்கத்தைக் கத்தரித்துவிட்டு, இடது பக்கத்துக்குச் சோப்பு நுரை போட்டிருந்தார்.

கந்தப்பன் ஓடி வந்தான். வாசலுக்கு நேரே வந்ததும் கால்கள் தாமாகவே தளர்ந்தன. அவன் அப்பன் நின்ற வாசல். அப்பனுக்கு அப்பன் நின்ற வாசல். உருமாலில் இருந்த காகிதம் இவர் பெயருக்கு வந்தது. ரெண்டு எட்டு வைத்தால் கொடுத்துவிடலாம். ரெண்டு எட்டுதானே?

வரலட்சுமி வாசலில் நெல் உலர்த்திக்கொண்டிருந்தாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள். வா என்று சொல்லவில்லை, உட்கார் என்று சொல்லவில்லை. ஒரு பக்கமாக விலகி, பாதையை விட்டு நின்றாள்.

கந்தப்பன் கட்டையை ஓங்கினான். டின் அலறியது.

"டேய் கந்தப்பா! கையில என்னடா? கடுதாசியா? நில்லுடா!"

டின் சத்தம் ஆற்றுப் பக்கம் தேய்ந்துகொண்டே போயிற்று.

நாயுடு நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் வாழ்நாளில் நடக்காதது நடந்துவிட்டது. "பாத்தியா? பாத்தியா வரலட்சுமி? அவன் உத்தியோகம் இன்னியோட—"

"ஏமண்டி, உத்தியோகத்தை நாளைக்கு எடுத்துக்கலாம். ஷெட்டு சாவியை இப்பக் கொடுங்க."

"என்னது?"

"நம்ம வாசல்ல அவன் நிக்காம போயிருக்கானா? அவங்க அப்பா போயிருக்காரா? நிக்கலேன்னா தண்ணி வந்துட்டு இருக்குதுன்னு அர்த்தம். கடுதாசியில படிச்சாத்தான் தெரியுமா உங்களுக்கு?"

நாயுடு தெருவைப் பார்த்தார். வெயில் அடித்தது. ஒரு துளி மழை இல்லை. சம்சாரத்தின் முகத்தைப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அந்த முகத்தை அவர் அப்படிப் பார்த்ததில்லை. இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை அவிழ்த்தார். கொடுக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, அதைக் கையில் பிடித்துக்கொண்டு தாமே ஷெட்டை நோக்கி வேகமாக நடந்தார். நாவிதர் கத்தியும் கையுமாகப் பின்னால் ஓடினார். "எசமாங்க, இந்தப் பக்கம்… எசமாங்க!"

*

ஆற்றோரத் தெருவின் கடைக்கோடி வீடு பாப்பாயி வீடு. கந்தப்பன் அங்கேதான் முதலில் போனான். கதவு சாத்திக் கயிறு கட்டியிருந்தது.

"பாப்பாயி! ஏ பாப்பாயி!"

எதிர்வீட்டில் கடலையைப் புடைத்துக்கொண்டிருந்த குழந்தையம்மாள் நிமிர்ந்தாள். "என்ன, மறுபடி ஒத்திகையா? வெயிலு மண்டையப் பொளக்குது, வெள்ளமாம்!"

"ஒத்திகை இல்லக்கா. தாராபுரம் பாலத்துல தண்ணி. என்ற மக எங்க?"

குழந்தையம்மாள் கையில் இருந்த சுளகு நின்றது. "ஊத்துத் தண்ணிக்குப் போனா. அக்கரை ஊத்துக்கு. இக்கரையில கலங்கலா இருக்குதுன்னு."

அக்கரை ஊற்று என்றால் மணலில் இரண்டு பர்லாங். எட்டு மாத வயிற்றோடு. கந்தப்பன் ஆற்றைப் பார்த்தான். பிறகு தெருவைப் பார்த்தான். பதினாறு வீடு. எல்லா வாசலிலும் கடலை காய்கிறது. தொட்டிலில் பிள்ளைகள். அவன் மகளைத் தேடி ஓடினால் டின் அடிக்க ஆள் இல்லை. டின் அடித்தால் மகளைத் தேட ஆள் இல்லை.

குழந்தையம்மாள் சேலையை வரிந்து கட்டினாள்.

"நின்னுட்டு என்ன பாக்கற? தட்டு! அவளை அம்மணி என் பொறுப்புலதான எழுதிச்சு."

"அக்கா, நீங்க ரெண்டு பேரும் பேசறதில்லையே…"

"பேசறதில்லேன்னா தூக்கக் கூடாதுன்னு எங்காச்சும் சட்டம் இருக்குதா? போடா, போய்த் தட்டுடா!"

அவள் மணலில் இறங்கி ஓடினாள். அந்த உடம்பு அப்படி ஓடும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். கந்தப்பன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கால் அந்தப் பக்கம் போய்விடும். டின்னை அடித்தான்.

வாங்க என்றவர்களும் உண்டு. அந்தச் சத்தத்தில் யார் காதிலும் அது விழவில்லை. நாலாவது வீட்டுக் கிழவனை அஞ்சாவது வீட்டுக்காரன் தோளில் போட்டுக்கொண்டான். ஏழாவது வீட்டு இரட்டைப் பிள்ளைகளை எட்டாவது வீட்டுப் பெண் இரண்டு இடுப்பிலும் இடுக்கிக்கொண்டாள். ஒருவர் நெல் மூட்டைக்காகத் திரும்பினார். பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் இருந்த சுண்ணாம்புக் கோட்டைக் கையால் தட்டிக் காட்டினார். அவர் மூட்டையைப் போட்டுவிட்டு வந்தார். ஆடு மாடுகளை எல்லாம் அவிழ்த்து விட்டார்கள். அவை ஆட்களுக்கு முன்னால் மேடு ஏறின.

நடுத் தெருவும் மேலத் தெருவும் சத்தம் கேட்டே கிளம்பியிருந்தன. அரை மணிக்குள் கந்தப்பன் ஜின்னிங் ஷெட் வாசலில் நின்றான். கதவு இரண்டு பக்கமும் அகலத் திறந்திருந்தது. உள்ளே நாயுடு பருத்திக்கொட்டை மூட்டைகளை ஓரமாகத் தள்ளச் சொல்லி ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார். வெளியே வரலட்சுமி கல்லு கூட்டி அடுப்பு மூட்டி, பெரிய அண்டாவில் கஞ்சிக்கு உலை வைத்திருந்தாள்.

கந்தப்பன் ஆற்றோரத் தெரு ஆட்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்தான். பதினைந்து வீட்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். இரண்டு வீட்டு ஆட்கள் இல்லை.

மேட்டின் விளிம்புக்கு வந்தான். ஆறு மஞ்சளாக, வெறும் மணலாக, வெயிலில் கிடந்தது. அப்போது மேற்கே ஒரு இரைச்சல் கேட்டது. மில் ஓடுகிற மாதிரி, ஒரே சீரான இரைச்சல். வளைவில் ஒரு செம்மண் கோடு தெரிந்தது. அது அருகில் வர வர உயர்ந்தது. அதன் முகத்தில் மரக்கிளைகளும் நுரையும் புரண்டன.

கந்தப்பன் டின்னைக் கழுத்திலிருந்து கழற்றவும் மறந்து நின்றான்.

தண்ணீர் மணலை மூடியது. ஆற்றோரத் தெருவுக்குள் ஏறியது. காயப் போட்ட கடலை மிதந்தது. பாப்பாயி வீட்டுக் கதவை முட்டியது.

கோயில் பக்கத்துப் புதரில் ஏதோ அசைந்தது. அங்கிருந்து முதலில் வந்தது குழந்தையம்மாளின் குரல்தான்.

"மெதுவா வாடி! மெதுவான்னா நிக்காதே, நடந்துட்டே மெதுவா வா! உன்ற ஆடு ஏறுன மாதிரிகூட உனக்கு ஏற வரலையே!"

பாப்பாயி வந்தாள். முழங்கால் வரை நனைந்திருந்தது. அவள் கையை ஒரு கையால் பிடித்திருந்த குழந்தையம்மாளின் இடுப்பில் ஒரு பித்தளைக் குடம் இருந்தது. இரண்டு பேரும் மேட்டில் ஏறி மண்ணில் உட்கார்ந்தார்கள்.

கந்தப்பனுக்குக் கோபம்தான் வந்தது. "குடமாக்கா முக்கியம்? உசுரு போற நேரத்துல குடத்தையா தூக்கிட்டு வந்தீங்க?"

"அது அவ ஆத்தா சீதனக் குடம்டா" என்றாள் குழந்தையம்மாள், மூச்சு வாங்க. "உட்டுட்டு வாடின்னு சொல்லியிருப்பேன். அப்புறம் பாதி வழியில அதை எடுக்க ஓடுவா. இவ நாச்சியம்மா மக. அதான் அவளையும் புடிச்சு, குடத்தையும் தூக்கிட்டேன்."

கந்தப்பன் உட்கார்ந்துவிட்டான். டின்னின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். பார்க்காதது போல ஆற்றைப் பார்த்தார்கள்.

மதியத்துக்கு மேல் தண்ணீர் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி ஒரு சாண் ஏறி நின்றது. ஏழு வீடு இடிந்தது. ஆள் ஒருவரும் போகவில்லை. ஷெட்டுக்குள் மூன்று தெரு சனமும் ஒன்றாக உட்கார்ந்து, ஒரே அண்டாக் கஞ்சியைக் குடித்தார்கள். பருத்திக்கொட்டை மூட்டைமேல் பாப்பாயி சாய்ந்திருந்தாள். ஒன்றும் நெருப்புப் பிடிக்கவில்லை.

நாயுடு ஷெட்டு வாசலில் நின்றிருந்தார். வலது பக்கம் மீசை கத்தரித்து, கன்னம் மழமழவென்று இருந்தது. இடது பக்கம் காய்ந்த சோப்பு வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து இருநூறு பேர் அவரிடம் பேசினார்கள். ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை.

கந்தப்பன் அவர் எதிரில் வந்து நின்றான். உருமாலை அவிழ்த்து, வேர்வையில் நனைந்து ஒட்டிப்போயிருந்த காகிதத்தை இரண்டு கையாலும் நீட்டினான்.

"உங்க பேருக்கு வந்த கடுதாசிங்க, எசமாங்க. நேரத்துக்குக் கொடுக்காம போனது தப்புதானுங்க. என்ன செய்யறதா இருந்தாலும் செய்யுங்க."

நாயுடு காகிதத்தைப் பிரித்தார். மை கரைந்திருந்தது. "வெள்ளம்" என்ற ஒரு வார்த்தைதான் தெரிந்தது. அதைப் படித்துவிட்டு, கீழே முழுகிக் கிடந்த தெருவைப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"கந்தப்பா."

"எசமாங்க."

"அடுத்த தடவை வந்தாலும் என் கையில கடைசியா வந்து கொடு."

கந்தப்பன் நிமிர்ந்து பார்த்தான். பார்த்தவன் கொஞ்சம் தயங்கினான்.

"எசமாங்க, கோவிச்சுக்காதீங்க. மீசை ஒரு பக்கம்தானுங்க கத்தரிச்சிருக்குது."

நாயுடு கையைக் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். "காலையில இருந்தா?"

"ஆமாங்க."

"ஒருத்தனாவது சொன்னானாடா!" என்றார் நாயுடு. ஷெட்டே அதிரச் சிரித்தது. அவரும்தான்.

வரலட்சுமி அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். கந்தப்பன் அவள் பக்கம் வந்தான். காலையிலிருந்து அவன் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. தொண்டையெல்லாம் டின் சத்தமும் புழுதியும்.

"ஏனுங்க தாயி" என்றான். "கொஞ்சம் மோர் இருக்குதுங்களா?"

வரலட்சுமியின் கை அண்டாவில் நின்றுவிட்டது. நாலு வருஷம் அவள் காத்திருந்த கேள்வி. திரும்பிப் பார்த்தாள். கஞ்சிக்கு ஊற்றக் கொண்டுவந்திருந்த மோர்ப்பானை கவிழ்ந்து கிடந்தது. ஆற்றோரத் தெருப் பிள்ளைகள் அதை வழித்துக் குடித்துவிட்டிருந்தார்கள்.

"ஒரு சொட்டு இல்லையே கந்தப்பா!" என்றாள், சிரிப்பும் அழுகையுமாக. "நாளைக்கு வா. உறை ஊத்தி வைக்கறேன்."

"வாரேனுங்க" என்றான் கந்தப்பன். "வந்து உக்காந்தே குடிக்கறேனுங்க."